ஸ்டார்ட்: தொடக்கமா, கைமுதலா?

"ஸ்டார்ட் நல்லா இருக்கு, சேவ் பண்ணி வச்சுக்கோ." டர்ன்-பேஸ்டு ஸ்ட்ராடஜி கேம், அதாவது ஆளுக்கு ஒரு முறை என்று மாறி மாறி ஆடும் வியூக விளையாட்டு ஆடுபவர்கள் வாயில் இந்த 'ஸ்டார்ட்' ஓயாமல் வரும். ஆட்டம் தொடங்கியது என்ற செய்தியை அவர்கள் சொல்லவில்லை. முதல் முறை வரும்போது வரைபடத்தில் எங்கே நிற்கிறோம், சுற்றி என்ன இருக்கிறது, கையில் எத்தனை படை, எத்தனை காசு, பக்கத்தில் யார் என்பதையெல்லாம் மொத்தமாகக் கட்டி 'ஸ்டார்ட்' என்கிறார்கள். வினைச்சொல்லாக நாம் அறிந்த சொல் இங்கே ஒரு பொருளாக, எடை போட்டுப் பார்க்கும் சரக்காக ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பழைய பொருள் 'துள்ளுதல்'. திடுக்கிட்டுத் தூக்கிவாரிப் போடுவதை இன்றும் அந்தச் சொல்லாலேயே சொல்கிறார்கள். புதரில் பதுங்கிய விலங்கைக் கிளப்பி ஓடவிடுவதற்கும் வேடர்கள் அதையே சொன்னார்கள். தொடங்குதல் என்ற பொருள் அதற்கெல்லாம் பின்னால் வந்தது. ஆக, ஸ்டார்ட் என்ற சொல்லுக்குள் இருப்பது ஒரு நொடி, ஒரு துள்ளல்.

தமிழில் 'தொடக்க நிலை' என்று எழுதிவிடலாம். தவறில்லை, அறிவியல் பாடநூலில் அப்படியே இருக்கட்டும். ஆனால் "என் தொடக்க நிலை மோசம்" என்று யாராவது விளையாடிக்கொண்டே சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் கடிகாரத்தைத்தான் காட்டுகிறது, சரக்கைக் காட்டுவதில்லை. எப்போது தொடங்கினோம் என்று அது சொல்கிறது, எதை வைத்துத் தொடங்கினோம் என்று சொல்வதில்லை.

இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் சொல் ஒன்று நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது: முதல். 'முதல் நாள்' என்றால் வரிசை. 'காலை முதல் மாலை வரை' என்றால் தொடங்கும் இடம். 'வட்டியும் முதலும்' என்றால் போட்ட பணம். முதலாளி, முதலீடு எல்லாம் இந்தக் கிளையில் வந்தவைதான். தொடக்கத்தையும் மூலதனத்தையும் ஒரே சொல்லால் சொல்லும் மொழிக்கு, ஸ்ட்ராடஜி கேமை விளக்குவது பெரிய வேலையே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தொல்காப்பியம் அகத்திணையில் முதற்பொருள் என்று சொல்வது இரண்டைத்தான்: நிலம், பொழுது. அந்த நிலத்தில் இருக்கும் விலங்கு, மரம், உணவு, தொழில் போன்றவை கருப்பொருள். காதல் பாட்டுக்கு வகுத்த இலக்கணத்தைக் கேமுக்கு இழுப்பது கொஞ்சம் குறும்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஸ்டார்ட்டைப் பிரித்துப் பார்த்தால் இதே இரண்டுதான் முன்னால் வந்து நிற்கின்றன. எங்கே விழுந்தோம், யாருக்கு முன்னால் ஆடுகிறோம். மற்றதெல்லாம் கருப்பொருள்.

நிலத்தை முதலில் பார்ப்போம். 2016-இல் வந்த சிவிலைசேஷன் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் கி.மு. 4000-இல் தொடங்குகிறது. உங்களிடம் ஒரு செட்லர், ஒரு போர்வீரன், அவ்வளவுதான். செட்லரைச் சாதாரணத் தட்டைநிலத்தில் நிறுத்தி நகரம் கட்டினால், நகர்மையக் கட்டம் 2 உணவும் 1 உற்பத்தியும் தரும். சமவெளி வகைக் குன்றின் மேல் கட்டினால் 2 உணவு, 2 உற்பத்தி. ஒன்றுதானே கூடுதல் என்று தோன்றும். நகரில் இருக்கும் ஒரே ஆள் பக்கத்தில் 2 உற்பத்தி தரும் கட்டத்தில் வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தட்டைநிலத்தில் மொத்தம் 3, குன்றில் 4. சாதாரண வேகத்தில் ஒரு ஸ்கவுட்டுக்கு, அதாவது முன்னே போய் நிலம் பார்த்துவரும் ஆளுக்கு, 30 உற்பத்தி வேண்டும். தட்டைநிலக்காரருக்கு 10 முறை ஆகும், குன்றுக்காரருக்கு 8. அந்த 2 முறை முன்னாடி கிளம்பிய ஸ்கவுட் அடுத்த நல்ல இடத்தை முன்னாடியே பார்த்துவிடும், அங்கே அடுத்த நகரமும் முன்னாடியே எழும். தண்ணீரும் இப்படித்தான். ஆற்றங்கரையில் நகரம் கட்டினால் அடிப்படைக் குடியிருப்பு, அதாவது மக்கள் பெருக இருக்கும் இடம், 5; தண்ணீரே இல்லாத இடத்தில் 2. வறண்ட இடத்தில் ஊர் சீக்கிரமே பெருகாமல் முடங்கும்.

ஆட்டக்காரர்கள் இதற்கு 'ஸ்னோபால்' என்பார்கள், உருள உருளப் பெருகும் பனிப்பந்து. அதைப் 'பனிப்பந்து' என்று அப்படியே பெயர்த்து வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. வட்டி குட்டி போடுகிறது என்று நாம் சொல்வது இதைத்தானே? கணக்கு எளிது. ஒருவருக்கு 1 நகரம், இன்னொருவருக்கு 3. எல்லா நகரமும் 20 முறைக்கு ஒருதரம் இன்னொரு நகரத்தை எழுப்புவதாக வைத்துக்கொண்டால், முதலாமவர் 1, 2, 4, 8 என்று போவார், இரண்டாமவர் 3, 6, 12, 24. விகிதம் மாறவே இல்லை, என்றும் மூன்று மடங்குதான். ஆனால் இடைவெளி 2, 4, 8, 16 என்று வாயைப் பிளந்துகொண்டே போகிறது. உண்மை ஆட்டத்தில் காலி நிலம் தீர்ந்ததும் இந்தப் பெருக்கம் நிற்கும். அதற்குள் யார் எவ்வளவு வளைத்துப் போட்டார் என்பதுதான் பாதி ஆட்டம்.

3 நகரம் என்று நான் சும்மா சொல்லவில்லை. அதே சிவிலைசேஷன் 6-இல் டெய்ட்டி என்ற உச்சக் கடுமையில், கணினி ஆடும் ஒவ்வொரு எதிரியும் 3 செட்லர், 5 போர்வீரர், நிலத்தைப் பண்படுத்தும் 2 பில்டரோடு இறங்குவான். நமக்கு வழக்கம்போல ஒன்றும் ஒன்றும். கணினிக்குக் கூடுதல் மூளை வைப்பது கடினம், கூடுதல் கைமுதல் கொடுப்பது எளிது.

ஆம், அதுதான் சொல்: கைமுதல். கையில் இருக்கும் முதலீட்டுச் சரக்கைக் குறிக்கும் பழைய, நல்ல சொல். "என் கைமுதல் மோசம்" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் இயல்பாக உட்கார்கிறது.

அடுத்தது பொழுது, அதாவது யார் முதலில் ஆடுவது. சதுரங்கத்தில் வெள்ளைக்கு உள்ள சாதகம் ஊரறிந்தது. சமனை அரைப் புள்ளியாகக் கணக்கிட்டால் 100-க்கு ஏறத்தாழ 54 புள்ளி வெள்ளைக்குப் போகிறது. அட்வான்ஸ் வார்ஸ் போன்ற வீடியோ போர் ஆட்டங்களில் இது இன்னும் உறைக்கும். முதலில் ஆடுபவர் ஒரு காலாட்படையை முன்னாடியே வாங்கி, நடுவில் கிடக்கும் ஊரை முன்னாடியே பிடித்துவிடுவார். அதனால் போட்டிக்கென்று வரைபடம் வரைபவர்கள் இரண்டாமவருக்கு ஒரு காலாட்படையைத் தொடக்கத்திலேயே நிறுத்திக் கொடுப்பதுண்டு. ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டத்தில் இரண்டாமவருக்கு ஒரு சீட்டு அதிகம், கூடவே ஒரு நாணயம். கோ என்ற பலகை ஆட்டத்தில் கறுப்புதான் முதலில் ஆடும், அதனால் இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஜப்பானில் 6.5 புள்ளி, சீனாவில் 7.5 புள்ளி. அந்த அரைப் புள்ளி சமன் வராமல் தடுப்பதற்கு. இப்படிக் கொடுப்பதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு என்றாலும் தமிழில் 'ஈடு' என்ற ஒரே சொல் போதும். இழந்த முறைக்கு ஈடு.

சரி, கைமுதல் பெருத்தவர்தான் ஜெயிப்பாரா? ஒரே திறமை உள்ள இரண்டு மனிதர்கள் மோதினால் பெரும்பாலும் ஆம், அதனால்தான் போட்டிகளில் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருபுறமும் ஒத்த வரைபடம் கேட்கிறார்கள். கணினியோடு ஆடும்போது கதையே வேறு. டெய்ட்டியை வென்றவர்கள் ஏராளம். 5 போர்வீரர்களை ஒவ்வொருவராக மதிலில் மோதவிட்டு முதலுக்கே மோசம் செய்துகொள்ளும் எதிரியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

கடைசியாக ஒரு துணைச்சொல். பிடிக்காத ஸ்டார்ட்டைத் தள்ளிவிட்டுப் புது வரைபடம் கேட்பதை 'ரீரோல்' என்கிறார்கள். பகடையை மறுபடி உருட்டு என்ற பொருளில் வந்தது. சீட்டாடுபவர்கள் சொல்லும் 'கலைத்துப் போடு' இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆறும் குன்றும் மலையும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமென்று நான் ஒரு மாலை முழுக்கக் கலைத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். கேட்ட நிலம் கிடைத்தது. அப்புறம் 40-ஆவது முறையில், நான் பார்க்காமல் விட்ட வடக்கு மூலையிலிருந்து பக்கத்து ராஜா படையோடு இறங்கினான்.