அரிப்பே இல்லாதவருக்கும் எதற்கு மருந்து?

ஒரு அம்மா கைக்குழந்தையோடும் பள்ளிக்கூடம் போகும் பையனோடும் வந்திருந்தார். மூன்று பேருக்கும் அரிப்பு. பகலில் சமாளித்துவிடுகிறார்கள், படுத்து உடம்பு சூடானதும் ஆரம்பித்துவிடுகிறது, விடியும்வரை தூக்கமில்லை. "இது மூணாவது தடவை டாக்டர். க்ரீம் போட்டா குறையுது, ஒரு மாசத்துல திரும்ப வந்துடுது" என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "எங்கப்பா இருக்காரு. ஆனா அவருக்கு ஒண்ணும் இல்ல, அரிப்பே கிடையாது."

அப்பாவையும் கூட்டிவரச் சொன்னேன். மறுநாள் பெரியவர் வந்து, எதற்கு வரச் சொன்னார்கள் என்றே புரியாமல் கையை நீட்டினார். விரல் இடுக்கில், பென்சில் முனை லேசாகப் பட்டதுபோல, அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு வளைந்த கோடு. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் கோட்டின் ஒரு முனையில் சின்னதாய் ஒரு கரிய முக்கோணம். அது தோலுக்குள் வாழும் ஒரு நுண்ணிய உண்ணியின் தலைப்பக்கம். பிளேடு நுனியால் மெதுவாகச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, உருண்டை உடம்பும் குட்டைக் கால்களுமாக மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு முட்டைகள். பெரியவரையும் பார்க்க வைத்தேன். "அப்போ பேரனுக்கு நான்தான் குடுத்திருக்கேனா?" என்று கேட்டார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது ஐயா, அதைத் தேடவும் வேண்டாம் என்றேன்.

சொறி சிரங்கு என்று நாம் சொல்வதை, ஸ்கேபிஸ் என்று டாக்டர்கள் எழுதுவதை, உண்டாக்குவது இந்த உண்ணிதான். பெண் உண்ணி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேல் அடுக்கில் சுரங்கம் தோண்டி, நாளுக்கு 2, 3 முட்டை வீதம் ஒரு மாதத்துக்கு மேல் இட்டுக்கொண்டே போகும். ஆனால் அரிப்பு அது கடிப்பதால் வருவதில்லை. உண்ணி, அதன் முட்டை, கழிவு எல்லாவற்றுக்கும் நம் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் தடவை தொற்றும்போது அந்த ஒவ்வாமை உருவாகவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்தில் படுப்பவருக்குப் பரவிவிடும். வயதானவர்களில் சிலருக்கு அதற்குப் பிறகும் அரிப்பு பெரிதாகத் தெரிவதில்லை. ஒருமுறை வந்து குணமானவருக்கோ, மறுபடி தொற்றினால் ஓரிரு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். அந்த வீட்டில் நடந்தது இதுதான். அம்மாவும் பிள்ளைகளும் க்ரீம் பூசிக் குணமானார்கள், தாத்தா மடியில் உட்கார்ந்தார்கள், திரும்பவும் ஆரம்பம்.

இதைச் சொன்னதும் பலரும் முகம் சுருங்கி, "நாங்க சுத்தமா இருக்கிறவங்க டாக்டர்" என்பார்கள். தெரியும். சிரங்கு அழுக்கால் வருவதில்லை, தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருப்பதால் வருகிறது. குழந்தையை அணைத்துத் தூங்குகிற வீடுகளில் வரும். வெட்கப்பட்டு மறைத்தால் பரவத்தான் செய்யும்.

சரி, மருந்துக்கு வருவோம். உண்ணியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம் நன்றாகவே வேலை செய்யும், பூசும் முறை சரியாக இருந்தால். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை ஒரு இடம் விடாமல் பூச வேண்டும்: விரல் இடுக்கு, நக இடுக்கு, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு, பிட்டத்தின் இடுக்கு. கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் கண், வாயை விட்டுவிட்டு முகத்துக்கும் தலைக்கும்கூட. இரவில் பூசிக் காலையில் குளிக்கலாம். குறைந்தது 8 மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் திரும்பப் பூசுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இத்தனையும் வீட்டில் உள்ள அத்தனை பேரும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும், ஒரே ராத்திரியில் செய்ய வேண்டும். இன்றைக்கு இருவர், ஞாயிற்றுக்கிழமை இருவர் என்று பிரித்துக்கொண்டால் வீண். இதே உண்ணிக்கு உள்ளே சாப்பிடும் மருந்தான ஐவர்மெக்டின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு என்ன பூசலாம் என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

துணிமணியைக் கவனித்தாலே போதும், வீட்டையே தலைகீழாக்க வேண்டாம். மனிதத் தோலை விட்டால் இந்த உண்ணி 2, 3 நாளுக்கு மேல் தாங்காது. கடைசி மூன்று நாள் உடுத்திய துணி, படுக்கை விரிப்பு, துண்டு ஆகியவற்றைச் சுடுநீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. அரிப்பு என்றதும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை யாராவது கொடுத்துவிடுகிறார்கள். அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும், உண்ணி பெருகிக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து வரும்போது கண்டுபிடிப்பதே சிரமம். சொறிந்த புண்ணில் பாக்டீரியா புகுந்து சீழ் வைத்தால், சில குழந்தைகளுக்கு அது சிறுநீரகத்தையே தாக்கும். சிரங்கோடு இருக்கும் பிள்ளைக்கு முகம் வீங்கினாலோ சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லா உண்ணியும் இதுவல்ல. ஜன்னலோரம் புறா கூடு கட்டி, குஞ்சுகள் பறந்த பிறகு உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்தால் அது பறவை உண்ணியாக இருக்கலாம். அது தோலுக்குள் குடியேறாது. கூட்டை அகற்றினால் தீரும். மெத்தையில் இருக்கும் தூசி உண்ணியோ கடிப்பதே இல்லை, அதனால் வருவது தும்மலும் மூச்சிளைப்பும்.

அந்தக் குடும்பத்தில் நான்கு பேரும் ஒரே சனிக்கிழமை இரவு பூசிக்கொண்டார்கள். பத்தாம் நாள் அம்மா போன் செய்தார்: "பையன் இன்னும் சொறியறான், மறுபடி பூசட்டுமா?" வேண்டாம் என்றேன். உண்ணி செத்த பிறகும் அதன் மிச்சம் தோலில் இருக்கும்வரை, 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கும். பயந்துபோய் தினமும் பூசினால் தோல் எரிந்து, அதுவே புது அரிப்பாகிவிடும். அரிப்புக்கு மாத்திரையும், தோல் வறளாமலிருக்க ஒரு களிம்பும் மட்டும் எழுதினேன். நான்காவது வாரம் நால்வரும் வந்தார்கள். புதிதாக ஒரு கோடும் இல்லை. பெரியவர் கேட்காமலேயே இரண்டு கைகளையும் விரல்களை விரித்து மேஜைமேல் வைத்தார்.