சிரஞ்சீவி: சொல்லும் பொருளும்

பழைய இன்லண்ட் கடிதங்களைப் பிரித்தால் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: ‘சிரஞ்சீவி தம்பிக்கு, ஆசீர்வாதம்.’ சிலர் சுருக்கமாக ‘சி.’ என்று போடுவார்கள். பெரியவர்கள் சிறியவர்களுக்கு மட்டுமே எழுதும் அடைமொழி இது. அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் மகன் இதைப் போடமாட்டான். வாழ்த்து மேலிருந்து கீழே வருவது என்பது அந்தக் காலத்து முறை.

சொல் வடமொழிச் சொல். ‘சிரம்’ என்றால் நெடுங்காலம், ‘ஜீவி’ என்றால் வாழ்பவர். தலையைக் குறிக்கும் சிரம் வேறு சொல், இரண்டுக்கும் உறவில்லை. தமிழில் ‘ஞ்’ அடுத்து வரும் ‘ச’ தானாகவே மென்மையாக ஒலிக்கும் என்பதால், ‘சிரஞ்சீவி’ என்று எழுதினாலே போதும், ‘ஜீ’ தேவையில்லை.

சிரஞ்சீவி என்றால் சாகாதவர் என்று பலர் நினைக்கிறார்கள். அனுமன், வீடணன், மாவலி, வியாசர், பரசுராமன், கிருபர், அசுவத்தாமன் என்று ஏழு பேரைச் சிரஞ்சீவிகள் என்பதால் வந்த எண்ணம் அது. என்றும் பதினாறாக இருக்கும் மார்க்கண்டேயனையும் அவர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் சொல்லின் நேர்ப்பொருள் நெடுநாள் வாழ்பவர் என்பதுதான். சாவில்லாதவரைக் குறிக்கும் வடசொல் ‘அமரர்’. அதையோ நாம் இறந்தவர் பெயருக்கு முன்னால் போடுகிறோம்!

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே இரண்டு குறள்கள் ‘நீடுவாழ்வார்’ என்று முடிகின்றன. சிரஞ்சீவிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. நீடு என்றால் நெடுங்காலம். உறுப்புக்கு உறுப்பு அப்படியே பொருந்துகிறது. ‘நீடூழி வாழ்க’ என்பது இன்னும் ஒரு படி மேலே போய், ஊழிக்காலம் வரை வாழச் சொல்கிறது. புறநானூற்றில் ஒளவை அதியமானை வாழ்த்தும்போது ‘மன்னுக பெரும நீயே’ என்கிறார். சாவை நீக்கும் நெல்லிக்கனியைத் தானே உண்ணாமல் தனக்குக் கொடுத்தவனை, நீலகண்டனைப் போல நிலைத்திரு என்று வாழ்த்துகிறார். நிலைபெறுதலைக் குறிக்கும் இந்த ‘மன்னுதல்’ நம் பேச்சிலிருந்து போய்விட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை. அங்கே சிரஞ்சீவியின் இடத்துக்கு இப்போது ‘திருவளர்செல்வன்’ வந்துவிட்டது. (வினைத்தொகை என்பதால் இடையில் ‘ச்’ வராது. அச்சகத்தில் சொல்லித் திருத்த வேண்டியிருக்கும்.) நல்ல சொல்தான். ஆனால் அது செல்வம் வளர வாழ்த்துகிறது. ஆயுளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே மொழிபெயர்ப்பு என்று அதைக் கொள்ள முடியாது.

பழைய பத்திரிகையில் இன்னொரு குறையும் இருந்தது. மாப்பிள்ளைக்குச் சிரஞ்சீவி, பெண்ணுக்குச் சௌபாக்கியவதி. அவனுக்கு நீண்ட ஆயுள். அவளுக்கோ, கணவன் உயிரோடு இருப்பதே பாக்கியம். வள்ளுவர் சொல்லை எடுத்துக்கொண்டு ‘நீடுவாழ் செல்வன்’, ‘நீடுவாழ் செல்வி’ என்று போட்டால் இலக்கணமும் இடிக்காது, வாழ்த்தும் இருவருக்கும் ஒன்றாகிவிடும்.