பதினைந்து புள்ளிக்கு ஒரு வாரம்

துனிசியாவின் மொனாஸ்டிர் நகரில் கடலோர விடுதி ஒன்றை ஒட்டிய மைதானங்களில், வருடத்தின் பெரும்பாலான வாரங்களில் தொழில்முறை டென்னிஸ் நடக்கிறது. பந்து பொறுக்கிக் கொடுக்கப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. சர்வீஸ் போடப் போகிறவரே வலைவரை நடந்து குனிந்து எடுத்துவர வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் யாரென்றால், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் வீராங்கனைகள்.

இந்த வகைப் போட்டிக்கு டபிள்யூ15 என்று பெயர். மொத்தப் பரிசு 15,000 டாலர். பட்டம் வென்றால் 15 தரவரிசைப் புள்ளிகள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வைத்திருக்கும் ஏணியில் கடைசிப் படி இதுதான். மேலே 35, 50, 75, 100 என்று படிகள் போகின்றன. அதற்கும் மேலே மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.வின் 125 வகைப் போட்டிகள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்பால்தான்.

டபிள்யூ15-இன் முதன்மைச் சுற்றில் 32 பேர் ஆடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றால் புள்ளியே கிடையாது. கையில் கிடைப்பது ஏறக்குறைய 150 டாலர், அதிலும் வரி போகும். ஓர் ஆட்டம் வென்றால் 1 புள்ளி. காலிறுதிக்கு 3, அரையிறுதிக்கு 6, இறுதியில் தோற்றவருக்கு 10. வாராவாரம் காலிறுதிவரை தவறாமல் போகும் ஒருத்தி, ஒரே ஒரு பட்டம் வென்றவளின் கணக்கை எட்ட ஐந்து வாரம் ஆகும். விமானக் கட்டணமும் அறை வாடகையும் அந்த ஐந்து வாரத்துக்கும் உண்டு.

சேர்த்த புள்ளியும் தங்காது. 52 வாரம் கழிந்ததும் அது கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். ஏறிக்கொண்டே இருந்தால்தான் இருந்த இடத்திலாவது இருக்கலாம். திருவிழா வழுக்குமரம் போல. இதில் தரவரிசைக்கு இரண்டு வேலை. திறமையை அளக்கும் கோலும் அதுதான், அடுத்த கதவைத் திறக்கும் சாவியும் அதுதான். போட்டிக்கு இரண்டரை வாரம் முன்பே பெயர்ப் பட்டியலைத் தரவரிசைப்படி அடுக்கிவிடுவார்கள். அன்றைக்கு எண் கொஞ்சம் பின்தங்கியிருந்தால் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எல்லோரும் குறிவைக்கும் கதவு, உலகின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களின் தகுதிச் சுற்று. அந்த நான்கில் ஒன்றான அமெரிக்க ஓபனில், 2024-இல் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். ஒரு டபிள்யூ15-இல் ஒற்றையர், இரட்டையர் எல்லோருக்குமாகப் பிரித்துத் தரும் தொகையைவிட அந்த ஒரு தோல்விக்கு அதிகம்! கூட்டமைப்பே நடத்திய ஆய்வில், 2013-இல் பெண்களுக்கு வரவும் செலவும் சரிக்கட்டிய இடம் 253-ஆம் தரவரிசை என்று தெரியவந்தது. அதிலும் பயிற்சியாளர் சம்பளம் சேரவில்லை. இதைப் பிழைப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனாலும் ஏறியவர்கள் உண்டு. 2019 டிசம்பரில் புனேயில், அப்போது இருந்த 25,000 டாலர் வகைப் போட்டியில் வென்ற பிரிட்டனின் எம்மா ரடுகானு, 2021 அமெரிக்க ஓபனுக்கு 150-ஆம் தரவரிசையோடு வந்தார். தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கிப் பத்து ஆட்டங்களில் ஒரு செட்கூட விடாமல் கோப்பையை எடுத்துச் சென்றார்.

படிகளைத் தாண்டிக் குதிக்கவும் ஒரு வழி இருக்கிறது: வைல்டு கார்டு. எண்ணைப் பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் இடம் அது. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 125 வகைப் போட்டியின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன் ரேவதிக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. வயது பதினைந்து. தகுதிச் சுற்றைக் கடந்து, தன்னைவிட வெகு முன்னால் இருந்தவர்களை வென்று, அரையிறுதியில் சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம் தோற்றார். அந்த வகையில் அரையிறுதிக்கு மட்டும் 49 புள்ளிகள். மொனாஸ்டிரில் மூன்று பட்டம் வென்றாலும் 45தான். விதி அவருக்கும் அதே விதிதான்: 2026 பிப்ரவரியில் அந்த 49-உம் கணக்கிலிருந்து போய்விட்டது.