பத்து வகீட்டாக்களும் ஒரு குலுக்கலும்

இருபது புளியங்கொட்டைகளை ஒரு பையில் போடுங்கள். ஒன்றில் மட்டும் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி இருபது தடவை. புள்ளிக்கொட்டை ஒரு தடவைகூடக் கையில் சிக்காமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு.

வகீட்டா என்ற கடல்விலங்கைப்போல, பத்தே விலங்குகள் மிஞ்சிய இனத்தில் ஒரு தலைமுறை மாறும்போது நடப்பதும் இதுதான். ஒவ்வொரு விலங்கிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள், பத்துக்கு இருபது. தாயிடமிருந்து எந்தப் பிரதி, தந்தையிடமிருந்து எந்தப் பிரதி குட்டிக்குப் போகும் என்பது குலுக்கல். குலுக்கலில் சிக்காத மரபணு வகை அந்த இனத்தை விட்டே போய்விடும், அது எவ்வளவு நல்ல வகையாக இருந்தாலும். சராசரியாகத் தலைமுறைக்கு 5 சதவீத மரபுப் பன்மை, அதாவது மரபணுக்களில் உள்ள வேறுபாடு, கரையும். பத்துத் தலைமுறையில் 40 சதவீதம். ஆயிரம் விலங்குகள் இருந்தாலோ, தலைமுறைக்கு 0.05 சதவீதம்தான்.

கணினி இந்தக் குலுக்கலைப் பிறப்பு, இணைசேர்தல், இறப்பு எல்லாவற்றோடும் சேர்த்து மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது. எத்தனை ஓட்டத்தில் இனம் அழிந்தது என்று எண்ணினால் ஆபத்தின் அளவு தெரியும்.

மெக்சிகோவில், கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் மட்டும் வாழும் சின்னஞ்சிறு கடற்பன்றி, டால்பினுக்கு உறவான பாலூட்டி, வகீட்டா. மை தீட்டியதுபோல் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். டொட்டோவாபா மீனுக்குப் போடும் செவுள்வலையில் மாட்டி, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது. அந்த மீனின் காற்றுப்பைக்கு, நம் மீனவர்கள் நெட்டி என்பார்களே அதற்கு, சீனாவில் கொள்ளை விலை. மிஞ்சிய வகீட்டாக்கள் பத்து அளவில்தான். சொந்தத்துக்குள்ளேயே இணைந்து எப்படியும் அழிந்துவிடும் என்று பலர் கைவிட்டிருந்தார்கள்.

2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. 1985 முதல் 2017 வரை சேகரித்த 20 வகீட்டாக்களின் முழு மரபுத்தொகுதியைப் படித்தார்கள். பன்மை குறைவுதான், ஆனால் அது நெடுங்காலமாகவே அப்படி. பல்லாயிரம் ஆண்டுகளாகவே இந்த இனம் சில ஆயிரம் என்ற அளவில்தான் இருந்திருக்கிறது. சிறு கூட்டத்தில், மறைந்திருக்கும் கேடான மரபணு இரு பெற்றோர் வழியாகவும் ஒரே குட்டியில் வந்து சேர வாய்ப்பு அதிகம். அந்தக் குட்டி பிழைக்காது. அதோடு அந்தக் கேடும் போகும். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தக் களையெடுப்பால், வகீட்டா சுமக்கும் கேடு குறைவு.

இதையெல்லாம் கணினிக்குக் கொடுத்து 50 ஆண்டுகள் ஓட்டினார்கள். வலையில் சாவது அடியோடு நின்றால், அழிய வாய்ப்பு 6 சதவீதம். அந்தச் சாவை 80 சதவீதம் குறைத்து, மீதியை விட்டுவைத்தால் 62 சதவீதம்.