கெம்மி கணவாய்க்குப் போகிறீர்களா? இறக்கத்துக்குக் காலைப் பழக்குங்கள்

சுவிஸில் கோடை விடுமுறை தொடங்கினால், திங்கட்கிழமைகளில் என் பிசியோதெரபி அறைக்கு இப்படி ஒருவராவது வருவார். போன வருடம் வந்த அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். படிக்கட்டின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார். "ஏறேக்க ஒண்டும் தெரியேல்ல தம்பி. இறங்கினாப் பிறகுதான் கால் என்ர சொல்லுக் கேக்குதில்லை" என்றார்.

அவர் போய் வந்தது கெம்மி கணவாய். காண்டர்ஸ்டெக் ஊரிலிருந்து கேபிள் காரில் மேலே போய், டௌபன்சே ஏரிக்கரையோரம் நடந்தால் கணவாய் வந்துவிடும். அதுவரை பெரிய ஏற்றமில்லை. அந்தப் பக்கம்தான் பாறைச் சுவரில் வெட்டிய பாதை வளைந்து வளைந்து லொய்கர்பாட் ஊர் வரை இறங்குகிறது. உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 900 மீட்டர்!

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டபடியே ஒவ்வொரு அடிக்கும் பிரேக் பிடிக்கிறது. மூச்சு வாங்காததால் அது களைப்பது நமக்குத் தெரிவதில்லை. நோ மறுநாள்தான் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும்.

இதற்கு ஓய்வைவிடப் பழக்கம்தான் மருந்து. போவதற்கு ஒரு மாதம் முன்பே, வீட்டுப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலை மூன்று எண்ணும்வரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, வாரம் மூன்று நாள். சரி, இந்த முறை பழகவில்லையா? கணவாயிலிருந்து லொய்கர்பாட்டுக்கும் கேபிள் கார் இருக்கிறது. அதில் இறங்குவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துவைத்தால் போதும். நடைபாதையோர மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நடை நேரத்தில் சாப்பாட்டு நேரமும் படமெடுக்கும் நேரமும் சேராது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அக்காவின் பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்திருந்தன. இறங்கும்போது கால் முன்னே வழுக்கி, சப்பாத்தின் நுனியில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இறக்கம் தொடங்குமுன் நின்று, கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஊன்றுகோல் இருந்தால் சற்று நீட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு தொடையும் ஒரேமாதிரி நொந்தால் பயப்பட வேண்டாம். ஒரு முழங்கால் மட்டும் வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் என்னிடம் நேரம் கேட்டுக் காத்திருக்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.