கூரையில் சூரிய மின்சாரம்: பாலக்காட்டு எல்லையில் மானியம் வாங்குவது எப்படி?

கேரளத்தில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. அதற்காகப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறையிலும் எருத்தேம்பதியிலும் எரிகிற விளக்குக்கும் கரிக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது. இடுக்கி அணை மட்டும் போதாமல் மின்வாரியம் வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் ஒடிசாவின் தால்சேர் நிலக்கரியும் கலந்திருக்கின்றன. நெய்வேலியில் கரியை வெட்ட வேண்டுமானால், அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை முதலில் இரவு பகலாக இறைத்தாக வேண்டும். இல்லையென்றால் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு நீர் பொங்கும். ஆழத்து நீரை இப்படி ஓயாமல் இறைத்தால் என்ன ஆகும் என்பது சித்தூர் தாலுகா விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 700 கிராம் கரி வேண்டும்; அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும்.

இதற்கு மாற்றாக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது, வீட்டுக் கூரையில் சூரியப் பலகை வைக்க மானியம் தரும் ‘பி.எம். சூர்யா கர்’ இலவச மின்சாரத் திட்டம். ஒரு கோடி வீடுகள் இலக்கு. 2026-27 நிதியாண்டு வரை நடக்கும். பலகைகளின் திறனில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் மானியம் 78,000 ரூபாய்தான்.

‘இலவசம்’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். மானியம் முன்கூட்டி வராது. பலகை ஏறி, மீட்டர் மாறி, சோதனை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை பணம் நம்முடையது, அல்லது வங்கிக் கடன். 3 கிலோவாட் வரை பிணையில்லாக் கடன் கிடைக்கிறது. பில்லில் நிலையான கட்டணமும் தொடரும்.

விண்ணப்பம் இத்திட்டத்தின் தேசிய இணையதளத்தில். மின் பில்லில் உள்ள 13 இலக்க நுகர்வோர் எண் வேண்டும். பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான்: பில் இன்னும் காலமான தாத்தாவின் பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு பேரனுடையதாக இருக்கும். முதலில் மின்வாரியத்தின் செக்ஷன் ஆபீசில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். இணையதளத்தில் பதிவான நிறுவனம்தான் பலகை பொருத்த வேண்டும். பலகைகள் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். ஐந்தாண்டுப் பராமரிப்பு அந்த நிறுவனத்தின் பொறுப்பு. இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவுக்குக் கிடைக்கும். ஆனி, ஆடியில் குறையும். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம் என்பதால் வாளையாறு மலையடிவாரத்தைவிட இங்கு நிலைமை மேல். தென்னை மட்டை ஒன்றின் நிழல் ஒரு பலகையில் விழுந்தாலும், அதே வரிசையில் இணைந்த மற்றப் பலகைகளின் உற்பத்தியும் சரியும். எனவே காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியில் நின்று நிழலைப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள்.

பகலில் மிஞ்சும் மின்சாரம், போவதையும் வருவதையும் கணக்கிடும் நெட் மீட்டர் வழியாக வாரியத்துக்குப் போகும். இரவில் அங்கிருந்து எடுப்பதோடு அது கழிக்கப்படும். இந்தக் கணக்கு விதிகளை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது மாற்றுகிறது. கையெழுத்திடும் முன் செக்ஷன் ஆபீசில் அன்றைய விதியைக் கேளுங்கள், விற்பனையாளர் வாய்மொழி போதாது. கேரளத்தில் தேவை உச்சம் தொடுவது சூரியன் அடங்கிய பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல். அதனால்தான் பகல் யூனிட்டையும் இரவு யூனிட்டையும் சமமாக எண்ணுவது பற்றி இத்தனை வாதம்.

பேட்டரி இல்லாத அமைப்பாக இருந்தால், ஊரில் மின்தடை வரும்போது நல்ல வெயிலிலும் உங்கள் பலகை மின்சாரம் தராது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரைக் காக்க அது தானாகவே நின்றுவிடும். இன்வெர்ட்டருக்குப் பதில் இது போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.