ஆறாம் அறிவு எது?

"ஆறாம் அறிவை நம்பலாமா, பகுத்தறிவை நம்பலாமா?" அண்மையில் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நடந்த உரைக்கு இப்படித் தலைப்பு வைத்திருந்தார்கள். வீடு வாங்குவது, வேலை மாறுவது, பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று அன்றாட முடிவுகளைப் பற்றிய உரை. பொருள் நல்ல பொருள்தான். காரணம் தெரியாமலே மனத்தில் சட்டென்று படுவதை ஆங்கிலத்தில் 'இன்டியூஷன்' என்பார்கள்; அதைத்தான் ஆறாம் அறிவாக்கிவிட்டார்கள். வாட்ஸ்அப்பிலும் மேடையிலும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

'இன்டியூஷன்' லத்தீன் வழி வந்த சொல். மூலத்தில் உற்றுப் பார்த்தல் என்று பொருள். தலைப்பில் பகுத்தறிவு என்று வந்திருக்கும் 'ரேஷனல்' என்பதன் வேருக்குக் கணக்கு, கணிப்பு. சொற்பிறப்புக்கு இவ்வளவு போதும்.

தமிழில் ஆறாம் அறிவு என்பது காலியாகக் கிடக்கும் சொல் அல்ல. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவை வைத்தே அடுக்குகிறது. தொட்டு அறிவது ஓரறிவு. அதனோடு நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், "ஆறறி வதுவே அவற்றொடு மனனே" என்று முடிக்கிறது. அந்த ஆறாவதைத்தான் நாம் பகுத்தறிவு என்று சொல்லி வருகிறோம். அப்படியானால் மேலே உள்ள தலைப்பு கேட்பது என்ன? பகுத்தறிவை நம்பலாமா, பகுத்தறிவை நம்பலாமா?

ஆங்கிலத்தில் ஐம்புலனுக்கு அப்பாற்பட்ட, கொஞ்சம் அமானுஷ்யமான ஒன்றை ஆறாவது என்கிறார்கள். அது அவர்கள் கணக்கு. எண் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடுமா? மொழி மாறத்தான் செய்யும், மக்கள் புழங்கினால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். புதுப்பொருள் பழைய பொருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சரி, ஏற்கலாம். இங்கே நேர் எதிர்ப்பொருள் வந்து அதே நாற்காலியில் உட்காருகிறது. காலையில் தமிழ் வகுப்பில் 'மனிதனை விலங்கிலிருந்து பிரிப்பது ஆறாம் அறிவு' என்று எழுதும் பிள்ளை, மாலையில் 'நிலநடுக்கம் வருமுன் நாய்க்கு ஆறாம் அறிவு விழித்துக்கொள்கிறது' என்ற காணொளியைப் பார்க்கிறது. எதைத்தான் நம்பும்? நாயைப் பற்றிய பேச்சுக்கு இயல்பூக்கம் என்ற சொல் இருக்கிறது. அது இன்டியூஷனும் அல்ல, ஆறாம் அறிவும் அல்ல.

இன்னும் சிலர் 'உணர்ச்சியா, அறிவா' என்று போட்டுவிடுகிறார்கள். இது ஒரு படி மோசம். கோபத்தில் வேலையை விடுவது உணர்ச்சி. நேர்காணலில் உட்கார்ந்ததுமே 'இந்த இடம் நமக்கு ஆகாது' என்று படுவது வேறு.

இன்டியூஷனுக்கு என் தேர்வு உள்ளுணர்வு. புதிதல்ல, அகராதியில் உள்ளதுதான். உணர்வு என்றால் உணர்ச்சிதானே என்று தயங்க வேண்டாம். "ஓதி உணர்ந்தும்" என்கிறது குறள்; படித்துத் தெளிந்தும் என்று அதற்குப் பொருள். உணர்தல் என்பது அறிதல். இன்டியூஷன் என்பது பழக்கத்தால் அடையாளம் கண்டுகொள்வதே தவிர வேறில்லை என்று பொருளியலுக்கு 1978இல் நோபெல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் வாதிட்டார். உள்ளே ஊறிய அறிவு என்ற பொருளில் உள்ளுணர்வு அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மறுவிற்பனைக்கு வந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றைப் பார்க்கப் பெரியம்மாவை அழைத்துப் போயிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இது சரிப்படாது, வா" என்றார். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. மின்தூக்கியில் இறங்கும்போதுதான் அவருக்கே பிடிபட்டது: குளியலறைக் கூரையின் ஒரு மூலையில் மட்டும் புதுச் சாயம். மேல்வீட்டு ஒழுக்கு. கண் முதலில் கண்டது, காரணம் பின்னால் வந்தது. அதே பெரியம்மா "இன்னிக்கு இந்த நம்பர்தான்னு மனசு சொல்லுது" என்று ஃபோர் டி என்ற நான்கிலக்கப் பரிசுச்சீட்டு எடுப்பார். அங்கே மனசு சொல்வதற்கு ஒன்றுமே இல்லை; எந்த எண்ணுக்கும் முதல் பரிசு வாய்ப்பு 10,000இல் ஒன்றுதான். உளவியலாளர்கள் டேனியல் கானமன், கேரி கிளைன் இருவரும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையின் முடிவும் இதுவே: ஒழுங்கு உள்ள சூழலில், நெடுநாள் பழகிப் பாடம் கற்றவரின் உள்ளுணர்வையே நம்பலாம்.

பேச்சுத்தமிழுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 'மனசுல பட்டுச்சு', 'பட்சி சொல்லுது' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். மொழிபெயர்ப்பாளர் மேசையில் உட்கார்ந்ததும் இவை மறந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் உள்ளுணர்வை 'கட் ஃபீலிங்' என்றும் சொல்வார்கள்; அதை ஒரு துண்டறிக்கையில் 'குடல் உணர்வைப் பின்பற்றுங்கள்' என்றுகூடப் படித்தேன். வயிற்றுப்போக்குக்கான அறிவுரை என்று நினைத்தேன். கணினி தந்ததை யாரோ வாசிக்காமலே அச்சுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக்குப் பகுத்தறிவு என்று போடுவதும் எனக்கு உவப்பில்லை. சொல்லில் குற்றமில்லை. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்த காலந்தொட்டே அது இங்கும் சீர்திருத்தக் கொள்கையின் பெயராக ஊன்றிவிட்டது. சேமநிதிப் பணத்தை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியில் அதைப் போட்டால், கடவுள் மறுப்பைப் பற்றி ஏதோ பேசப்போகிறார்கள் என்றுதான் மூத்தவர்கள் நினைப்பார்கள். சீர்தூக்கிப் பார்த்தல் என்று எழுதலாம். எல்லாருக்கும் புரியும், தராசும் உள்ளேயே இருக்கிறது.